பாஸானால் எட்டு ஷில்லிங்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கட்டிய ஒரு சங்கத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு மானியக் கணக்கு.

ஒரு பிள்ளை வாசிப்பில் தேறினால் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் (பன்னிரண்டு பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங்). எழுத்தில் தேறினால் இன்னொரு இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ். கணக்கிலும் தேறிவிட்டால் ஆக மொத்தம் எட்டு ஷில்லிங். எந்தப் பாடத்தில் கோட்டை விடுகிறதோ அந்தப் பாடத்துப் பணம் போயிற்று. பிள்ளைகளின் வருகைக்கென்று நபருக்கு நான்கு ஷில்லிங் தனி. 1862இல் இங்கிலாந்து அரசாங்கம் தொடக்கப் பள்ளிகளுக்கு மானியம் அளந்து கொடுத்த கணக்கு இது.

இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் ராபர்ட் லோ. கல்வி அமைச்சர் மாதிரியான பொறுப்பில் இருந்தவர், கணக்கில் கறார் பேர்வழி. நாடாளுமன்றத்தில் அவர் சொன்னதன் சாரம்: இந்த முறை மலிவாக அமையாவிட்டால் திறமையாக அமையும்; திறமையாக அமையாவிட்டால் மலிவாகவாவது அமையும். எப்படிப் பார்த்தாலும் கஜானாவுக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வேறு இடத்தில் விழுந்தது. பள்ளிக்கு வரும் மானியத்தைப் பார்த்துத்தான் நிர்வாகம் ஆசிரியருக்குச் சம்பளம் பேசியது. பல பள்ளிகளில் சம்பளத்தின் ஒரு பகுதியே மானியத்தில் இத்தனை பங்கு என்ற கணக்குதான். ஆக, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் கூட்டலில் தப்பு செய்தால் வாத்தியார் வீட்டு அடுப்பில் அது தெரியும்.

இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. வாசிப்புத் தேர்வு எந்தப் புத்தகத்திலிருந்து என்பது முன்கூட்டியே தெரியும். அதனால் பிள்ளைகள் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்துவிடுவார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடங்கலில்லாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்தில் நிறையக் கதைகள் உண்டு. வரலாறு, புவியியல் இவற்றுக்கெல்லாம் முதலில் மானியம் கிடையாது. மானியம் கிடையாது என்றால் பாடமும் கிடையாது. மாத்யூ அர்னால்ட் என்ற கவிஞர் பிழைப்புக்குப் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். கல்வி இயந்திரத்தனமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தன் அறிக்கைகளில் அவர் விடாமல் எழுதினார். மேலிடம் கேட்கவில்லை.

இந்த ஏற்பாடு கப்பலேறி நம் பக்கமும் வந்தது. பிள்ளைகளின் தேர்ச்சி பார்த்து மானியம் தரும் முறை 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலும் நடந்தது, இலங்கையிலும் நடந்தது. ‘இன்ஸ்பெக்ஷன்’ என்று கேட்டதும் இன்றைக்கும் ஆசிரியர் அறையில் ஒரு பதற்றம் பரவுகிறதே, அதன் வேர் ரொம்பப் பழையது.

சரி, சங்கத்துக்கு வருவோம். 1870 ஜூன் 25ஆம் தேதி லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியர்கள் கூடி, தேசிய தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கத்தை அமைத்தார்கள். நாடெங்கும் தொடக்கப் பள்ளிகள் அமைக்க வழிசெய்த ஃபார்ஸ்டரின் கல்விச் சட்டம் அப்போது இன்னும் மசோதாவாக நாடாளுமன்றத்தில் இருந்தது. சட்டம் வந்தால் நம்மை யாரும் கேட்கமாட்டார்கள், அதற்கு முன்னால் ஒன்றுசேர்ந்து குரல் கொடுப்போம் என்ற அவசரம். முதல் தலைவர் ஜே. ஜே. கிரேவ்ஸ், நார்த்தாம்ப்டன்ஷயரில் லாம்போர்ட் என்ற கிராமத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியர்.

இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். அன்று இது பெரிய காரியம். ஆங்கிலிக்கன் சபைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம், மெதடிஸ்டுகளுக்கு ஒன்று, பிற சபைக்காரர்களின் பள்ளிகளுக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தார்கள். பள்ளியை நடத்துகிறவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத காலம். அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், நம் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான் என்று ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். சங்கம் அதற்குப் பிறகு செய்த எல்லாவற்றையும் விட இதையே நான் உயர்வாக நினைக்கிறேன்.

அவர்களுடைய ஆரம்பகாலக் கோரிக்கைகளைப் பார்த்தால் அன்றைய ஆசிரியரின் நாள் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். தேர்ச்சிக்கு மானியம் என்பது ஒழிய வேண்டும், ஓய்வூதியம் வேண்டும், தகுதியில்லாதவர்கள் தொழிலுக்குள் வரக்கூடாது – இவையெல்லாம் நாம் எதிர்பார்ப்பவைதான். கூடவே இன்னொன்று: பள்ளிக்கு வெளியே கட்டாய வேலை வாங்கக்கூடாது. கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கும்போதே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்க வேண்டும், பாட்டுக் குழுவை நடத்த வேண்டும். மாட்டேன் என்றால் வேலை போய்விடும். ஏன் போயிற்று என்று கேட்க நாதியில்லை. பாதிரியார்தான் நிர்வாகக் குழுத் தலைவர், பண்ணையார் அவருக்குச் சிநேகிதர், குடியிருக்கும் வீடோ பள்ளிக்கூடத்து வீடு.

1889இல் பெயரிலிருந்து ‘தொடக்கப் பள்ளி’யை எடுத்துவிட்டு தேசிய ஆசிரியர் சங்கம் என்று வைத்துக்கொண்டார்கள். என்.யு.டி. என்று உலகம் அறிந்த பெயர் அது. அடுத்த சில ஆண்டுகளில் தேர்ச்சி மானியமும் ஒழிந்தது. 1898இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1895 தேர்தலில் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜேம்ஸ் யாக்சால் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார். அதே தேர்தலில் சங்கத்தின் இன்னொரு முக்கியத் தலைவர் எர்னஸ்ட் கிரே கன்சர்வேடிவ் கட்சி சார்பில் போனார். இரண்டு கட்சிப் பெஞ்சிலும் ஆள் வைத்துக்கொண்ட சாமர்த்தியம்.

எவ்வளவு பலம் என்பதற்கு 1911இல் ஒரு சம்பவம். கல்வி வாரியத்தின் தலைமை இன்ஸ்பெக்டராக இருந்த எட்மண்ட் ஹோம்ஸ் ஒரு ரகசியக் குறிப்பு எழுதியிருந்தார். உள்ளாட்சிகளில் இன்ஸ்பெக்டராக இருப்பவர்களில் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து மேலே வந்தவர்கள். இவர்கள் பண்பட்ட கல்வி இல்லாதவர்கள், பழக்கத்துக்கு அடிமைகள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்களே இந்த வேலைக்குத் தகுதி என்பது அதன் சாரம். அது வெளியே கசிந்து நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஆசிரியர்களுக்குக் கோபம் பொங்கிவிட்டது. ஊர் ஊராகக் கண்டனக் கூட்டம். அந்தக் குறிப்புக்குத் துணைநின்ற ராபர்ட் மோரண்ட் கல்வித் துறையின் உச்ச அதிகாரி, இங்கிலாந்தின் புதிய கல்வி நிர்வாகத்தைக் கட்டியெழுப்பியவர். ஆண்டு முடிவதற்குள் அவரை வேறு துறைக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது, அமைச்சரும் மாறினார். வேடிக்கை என்னவென்றால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, தேர்ச்சி மானிய முறை பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் எப்படிக் கெடுத்தது என்று அதே ஆண்டில் மிகக் கடுமையாக எழுதியவரும் இந்த ஹோம்ஸ்தான். நோயைச் சரியாகச் சொன்னவர், நோயாளியை இப்படி ஏசியிருக்க வேண்டாம்.

அதே 1911இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த இசபெல் கிளெகார்ன் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். சங்கம் தொடங்கி நாற்பத்தோரு ஆண்டு கழித்து. உறுப்பினர்களில் பெண்களே மிகுதி என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். இந்த இடத்தில் சங்கத்தைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே தகுதி. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. 1904இலேயே சங்கத்துக்குள் பெண்கள் சம ஊதியத்துக்காக ஒரு குழு அமைத்துவிட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919இல், உறுப்பினர்களிடம் வாக்கெடுத்துச் சம ஊதியம்தான் எங்கள் கொள்கை என்று சங்கம் அறிவித்தது. அறிவித்ததும் இரண்டு பக்கமும் கிழிந்தது. ‘கொள்கை என்கிறீர்கள், ஆனால் பேச்சுவார்த்தையில் அதற்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லையே’ என்று பெண்களில் ஒரு பகுதியினர் 1920இல் தனிச் சங்கமாகப் போனார்கள். ‘குடும்பத்தைக் காப்பாற்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளமா’ என்று ஆண்களில் ஒரு பகுதியினர் 1922இல் தனியே போனார்கள். கல்யாணமானால் பெண் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்ற விதியைப் பல உள்ளாட்சிகள் அந்த ஆண்டுகளில்தான் இறுக்கின. வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் திருமணமான ஆசிரியைகள் நீக்கப்பட்டு, வழக்கு 1923இல் நீதிமன்றம் போய்த் தோற்றது. அந்த விதி ஒழிய 1944 கல்விச் சட்டம் வரவேண்டியிருந்தது. சம ஊதியம் 1955இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, தவணை தவணையாக ஏறி, 1961இல்தான் முழுமையானது. பெண்களின் தனிச் சங்கம் அந்த ஆண்டே வேலை முடிந்தது என்று கலைந்துவிட்டது. ஆண்களின் சங்கம் கலையவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரிட்டனின் மிக நீண்ட வேலைநிறுத்தம் என்று சொல்லப்படுவது ஆசிரியர் சம்பந்தப்பட்டது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். நார்ஃபோக் பகுதியில் பர்ஸ்டன் என்ற சின்னக் கிராமம். அங்கே கிட்டி ஹிக்டன் தலைமை ஆசிரியை, கணவர் டாம் ஹிக்டன் உதவி ஆசிரியர். டாம் விவசாயக் கூலிகளின் சங்கத்தில் தீவிரமானவர். 1913இல் கிராம சபைத் தேர்தல் வந்தது. டாமும் கூலிக்காரர்களும் ஜெயித்தார்கள், அதுவரை ஊரை ஆண்ட பாதிரியாரும் பண்ணைக்காரர்களும் தோற்றார்கள். அந்தப் பாதிரியார்தான் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைமை ஆசிரியை மேல் குற்றச்சாட்டுகள் வந்தன. அதில் ஒன்று, நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் பள்ளியில் அடுப்பு மூட்டினார் என்பது. மூட்டியது உண்மை. மழையில் மூன்று மைல் நடந்து நனைந்து வந்த பிள்ளைகளின் துணியை உலர்த்துவதற்கு.

1914 ஏப்ரல் முதல் தேதியோடு இருவருக்கும் வேலை இல்லை என்றானது. அன்று காலை 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளிக்குள் போகாமல், ‘எங்கள் ஆசிரியர்களைத் திரும்பக் கொடுங்கள்’ என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். முன்னால் நின்றவள் வயலட் பாட்டர் என்ற பதின்மூன்று வயதுப் பெண். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். ஊர் வசூல் செய்து கட்டியது. முதலில் ஊர்ப் பொதுவெளியில் பாடம் நடந்தது, பிறகு தச்சுப் பட்டறையில். சுரங்கத் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் நாடு முழுதும் பணம் திரட்டி அனுப்ப, 1917இல் சொந்தக் கட்டடமே எழுந்தது. நன்கொடை கொடுத்த சங்கங்களின் பெயர்களைச் சுவரில் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். அந்தப் பள்ளி 1939இல் டாம் ஹிக்டன் இறக்கும்வரை நடந்தது. இருபத்தைந்து ஆண்டு.

இதில் என்.யு.டி. எங்கே நின்றது? தங்கள் உறுப்பினர்களுக்கு வாதாட வக்கீல் வைத்துக் கொடுத்தது. ஆனால் கூலிக்காரர்களும் பிள்ளைகளும் ஆரம்பித்துவிட்ட போராட்டத்தைக் கையில் எடுக்கத் தலைமை தயங்கியது. விதிமுறை, நடைமுறை என்று முதலில் ஒதுங்கியே நின்றது. கல்லில் பெயர் வெட்டும் அளவுக்கு ஓடிவந்தவர்கள் சுரங்கக்காரர்களும் ரயில்வேக்காரர்களும்தான் என்பது இன்றும் அந்தச் சுவரைப் பார்த்தால் தெரியும். பெரிய சங்கங்களின் சுபாவம் இது. தலைமையகத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சட்ட ஆலோசகரின் குரல் முதலில் கேட்கும், கிராமத்தின் குரல் அப்புறம்தான்.

ஆனால் அதே தலைமையகம் நன்றாகச் சண்டை போட்ட ஊரும் உண்டு. லோஸ்டாஃப்ட், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடி நகரம். முதல் உலகப் போருக்குப் பிறகு 1919இல் லார்ட் பர்ன்ஹாம் தலைமையில் ஒரு குழு அமைந்து, உள்ளாட்சிகளும் ஆசிரியர் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து சம்பள விகிதம் பேச ஆரம்பித்திருந்தன. அதுவரை ஊருக்கு ஒரு சம்பளம், ஆளுக்கு ஒரு சம்பளம்; இப்போது தேசிய அளவுகோல். கையெழுத்தின் மை காய்வதற்குள் அரசாங்கச் சிக்கன நடவடிக்கை வந்தது. லோஸ்டாஃப்ட் நகராட்சி சம்பளத்தை வெட்டியது. 1923 ஏப்ரலில் 160க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வெளியே வந்தார்கள். பதினொரு மாதம் உள்ளே போகவில்லை. சங்கம் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அதோடு, நகரத்துக் கூடங்களை வாடகைக்குப் பிடித்து, சுமார் 1,600 பிள்ளைகளுக்கு அதே ஆசிரியர்களை வைத்து வகுப்பு நடத்தியது. நகராட்சி வெளியூர் ஆட்களைக் கொண்டு தன் பள்ளிகளை ஓட்டிப் பார்த்தது. வேலைநிறுத்தம் என்றால் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்பார்களே, அந்தக் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் ஆசிரியர் இயக்க வரலாற்றில் எனக்குத் தெரிந்து கிடையாது. கடைசியில் நகராட்சி இறங்கிவந்தது.

1931 பொருளாதார மந்தத்தில் கதை வேறு மாதிரி. ஆசிரியர் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டலாம் என்று ஒரு குழு சொல்ல, அரசாங்கம் 15 என்று சொல்லி, எதிர்ப்புக்குப் பிறகு 10இல் நின்றது. அந்தப் பத்து முழுதாகத் திரும்பி வர 1935 ஆயிற்று.

போருக்குப் பிந்தைய காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் பிற்பகுதியில், மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைக் கட்டாயமாக மேற்பார்வை செய்யமாட்டோம் என்று போராடி அந்தக் கடமையிலிருந்து விடுபட்டார்கள். ஆர்கன் வாசிப்பின் பேரன் அது. 1969–70இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. நாங்கள் கனவான்களின் தொழில் என்று நூறு ஆண்டு தள்ளியே நின்ற சங்கம், தன் நூற்றாண்டில், 1970இல், தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டி.யு.சி.யில் சேர்ந்தது. 1979 ஏப்ரலில் லண்டன் சவுத்தாலில் இனவெறிக் கட்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்த பிளேர் பீச், கிழக்கு லண்டன் ஆசிரியர் சங்கக் கிளையின் தலைவர், நியூசிலாந்திலிருந்து வந்தவர். தெற்காசியர்கள் நிறைந்த அந்தப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1984இலிருந்து மூன்று ஆண்டு நீண்ட சம்பளத் தகராறு. அதன் முடிவில் அரசாங்கம் 1987இல் ஒரு சட்டம் போட்டு பர்ன்ஹாம் குழுவையே கலைத்தது. சம்பளம் பேசும் உரிமை போயிற்று. வருஷத்தில் 195 நாள், 1,265 மணி நேரம் தலைமை ஆசிரியர் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும் என்று எண்ணிக்கையோடு சட்டமாயிற்று. சங்கம் வாங்கிய மிகப் பெரிய அடி இதுதான். மூன்று ஆண்டு போராடியவர்களிடம் இருந்த பேரம்பேசும் மேஜையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டு தேசியப் பாடத்திட்டம். கூடவே 7, 11, 14 வயதுகளில் தேர்வு. முடிவுகளை வைத்துப் பள்ளிகளுக்குத் தரவரிசை. ராபர்ட் லோ இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். ஷில்லிங் கணக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம். பட்டியலில் கீழே இறங்கிய பள்ளிக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், பிள்ளைகள் குறைந்தால் நிதி குறையும். 1993இல் என்.யு.டி.யும் மற்றச் சங்கங்களும் தேர்வுகளைப் புறக்கணித்தன. இது அரசியல், தொழில் தகராறு இல்லை என்று ஒரு லண்டன் உள்ளாட்சி வழக்குப் போட்டது. தேர்வு ஆசிரியரின் வேலைச் சுமையைக் கூட்டுகிறது, ஆகவே தொழில் தகராறுதான் என்று நீதிமன்றம் சொன்னது. அரசாங்கம் தேர்வுகளையும் பாடத்திட்டத்தையும் குறைத்தது. 2010இல் 11 வயதுத் தேர்வை மறுபடி புறக்கணித்தார்கள். இன்ஸ்பெக்டர்களின் புதிய அமைப்பான ஆஃப்ஸ்டெட் ஒரு பள்ளியின் மொத்த வாழ்வையும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பெழுதி வந்தது. 2023 தொடக்கத்தில் ஒரு தலைமை ஆசிரியை அத்தகைய ஆய்வுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வும் அதற்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை சொல்லிற்று. அந்த ஒற்றைச் சொல் முறையை 2024 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 1862இன் அந்த எட்டு ஷில்லிங்கை ஒழிக்கவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

என்.யு.டி. என்ற பெயர் இப்போது இல்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அது ஏ.டி.எல். என்ற இன்னொரு சங்கத்தோடு இணைந்து தேசியக் கல்விச் சங்கம், அதாவது என்.இ.யு. ஆனது. பெண்களுக்குச் சம ஊதியமா என்று 1922இல் பிரிந்துபோன ஆண்களின் சங்கம் இருக்கிறதே, அது 1976இல் வேறொரு பெண்கள் சங்கத்தையே சேர்த்துக்கொண்டு என்.ஏ.எஸ்.யு.டபிள்யு.டி. என்று வளர்ந்து இன்றும் தனியாகவே இருக்கிறது. பிரிந்த காரணம் செத்து அறுபது ஆண்டு ஆகிறது. பிரிவு சாகவில்லை.

அதன் விலை 2023இல் தெரிந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைநிறுத்த வாக்கெடுப்பில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது அப்போது வாக்களிக்க வேண்டியிருந்தது. அதுவும் தபால் வழியாக, காகிதத்தில். என்.இ.யு.வின் இங்கிலாந்து ஆசிரியர்களில் 53 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 90 சதவீதம் வேலைநிறுத்தத்துக்குச் சரி என்றார்கள். என்.ஏ.எஸ்.யு.டபிள்யு.டி.யிலும் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சரி என்றார்கள். ஆனால் வாக்களித்தவர்கள் 42 சதவீதம்தான். எனவே பிப்ரவரி 1ஆம் தேதி ஒரே பள்ளியில், ஒரே சம்பளத்தில், ஒரே கருத்துள்ள இருவரில் ஒருவர் வாசலில் பதாகையோடு நின்றார். மற்றவர் அவரைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் 6.5 சதவீத உயர்வை அரசாங்கம் ஒப்புக்கொண்டபோது, ஏற்கலாம் என்று தங்கள் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்துக் கூட்டாகக் கையெழுத்திட்டவை நான்கு சங்கங்கள். அவற்றில் இந்த இரண்டும் அடக்கம்.

நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.